அடுத்த வசனம்

இவளே,

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். காலையிலிருந்து நமக்குள் பேச்சும் இல்லை. அதனால் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். கடைத்தெருவில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே மூன்று பேர்; சரிசெய்ய என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் பையன் நாலு மணிக்கு வருகிறான் என்று பயந்து ஓடிவிட்டதாக நினைக்காதே. அஞ்சுக்குள் வந்துவிடுவேன். சாப்பாடு மூடிவைத்திருக்கிறது, அவனுக்கும் சேர்த்து.

"மூணு வருஷமா ஒரே வசனத்தையே வாசிக்கிறீங்க" என்று காலையில் சொன்னாயே, சுருக்கென்று தைத்தது. அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய அன்று பைபிளில் சிவப்பில் கோடு போட்ட வசனம் அது. பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிவதைப் பற்றியது. நீ குளிக்கப் போனபின் கோட்டுக்குக் கீழேயும் வாசித்தேன். அங்கே அப்பாக்களுக்கு எழுதியிருக்கிறது, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று. சட்டென்று பக்கத்தைத் திருப்பினேன்.

லிஃப்டில் மாட்டியவர்களிடம் எப்போதும் ஒன்றுதான் கத்துவேன்: "பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க. கையை எடுத்துட்டு நான் சொல்றதைக் கேளுங்க." யாரும் கேட்கமாட்டார்கள். நானும் மூன்று வருஷமாக அந்த ஒரே வசனத்தை அமுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இன்னும் உள்ளேதான் நிற்கிறேன். அவனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

திருப்பிய பக்கத்தைப் பழையபடி வைத்திருக்கிறேன். வேதத்தை மூடாதே.

பி.கு.: என் சாவி ஆணியில்தான் தொங்குகிறது. மறந்துவிடவில்லை. நான் வந்து தட்டும்போது நீ எழுந்து வராதே. அவன் திறக்கட்டும்.