செடியைப் பிடுங்கி எடுத்த படம்

அன்பு மகளுக்கு, இங்கே நாங்கள் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமென்றால் அதுவே போதும். எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்குகிறது, பொறுத்துக்கொண்டு படி. முதியோர் வகுப்பில் சேர்ந்தபின் யாரையும் கெஞ்சாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது, எனக்கு வாயெல்லாம் பல். பேனாவை இப்படி அழுத்தினா மேசையிலயும் சேர்த்து எழுதிடுவீங்க என்கிறாள் உன் அம்மா. அவளுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனாலும் இந்த முதல் கடிதம் உன்னைத் திட்டத்தான்.

பழைய இறால் பண்ணையின் கரையை உடைத்துக் கடல்தண்ணீரை விட்டுப் பறவைக் காப்பிடம் ஆக்கினார்களே, அங்கே நீ அனுப்பிய தொலைநோக்கியோடு தினமும் போகிறேன். பார்வை மேடைக்கு எதிரே சேற்றுத்திட்டில், செடிமறைவில், நெடுங்கால் உள்ளான் ஜோடி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்தது. அந்த நீளச் சிவப்புக் காலை மடக்கி உட்கார அது படும் பாடு, நான் ழ எழுதப் படும் பாடுதான். பெருமை தாளாமல் ஞாயிற்றுக்கிழமை உன் தம்பியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நான் காவலாளியிடம் பேசித் திரும்புவதற்குள் அவன் சேற்றில் இறங்கி, படமெடுக்க மறைக்கிறதென்று கூட்டைச் சுற்றியிருந்த செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டான். பறவைகள் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. பெரியவரே உங்க பிள்ளையா இது, பிரசவ வார்டுக் கதவைக் கழட்டிட்டுப் படம் எடுப்பாரோ என்று காவலாளி கேட்டார், என்னால் தலை நிமிர முடியவில்லை. இவனோ, நாலு செடிதானேப்பா, திரும்ப முளைக்கும் என்கிறான். முளைக்கும்வரை காக்கை காத்திருக்குமா? மறுநாளே ஒரு முட்டையைக் காணோம். மிச்ச மூன்றும் வெயிலில் வெந்துவிடாமல் தாயும் தகப்பனும் மாறி மாறி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து நிற்கின்றன.

அது போதாதென்று, கூடு எந்த இடத்தில் என்பதுவரை எழுதி அந்தப் படத்தை இணையத்தில் ஊருக்கே தெரியப் போட்டிருக்கிறான். நேற்றே கேமராக்காரர்கள் வழி கேட்டு வந்துவிட்டார்கள். அதன் கீழே, சூப்பர்டா தம்பி, கலக்கிட்ட என்று நீ எழுதியதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். முன்பென்றால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். வெட்டவெளியில் முட்டை கிடக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்டாயா அம்மா? நான் சொன்னால் அவன் காதில் ஏறாது, அக்கா சொன்னால் தட்டமாட்டான். படத்தை இன்றே எடுக்கச் சொல். அதற்குமுன் உன் சொல்லை நீ எடு. எடுத்தாயா என்று நாளைக் காலையில் நானே படித்துப் பார்ப்பேன்.

தபாலில் தாமதமாகும் என்பதால் உன் அம்மா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புகிறாள். இதற்காக எந்தச் செடியையும் பிடுங்கவில்லை. நீயும் உன் குடும்பமும் நீடூழி வாழ்க, பிள்ளைகளுக்கு என் முத்தம். முட்டைகள் என்ன ஆயின என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அது எப்படிப்பட்ட கடிதமாக இருக்கும் என்பது உன் கையில்தான் இருக்கிறது.

கோபத்திலும் உன்மேல் ஆசை குறையாத
உன் அப்பா