நூற்றைம்பது மீட்டர்

மார்ச் 4

இல்லை, ஆசையெல்லாம் இல்லை. அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவன் ஆடும் போர்விமான விளையாட்டில் தரவரிசை இறங்கிவிடுமாம். அதனால் அவன் பெயரில் நான் ஓட்டுகிறேன். அவன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மைக்கில் அணியோடு பேசுகிறான். குரல் அவனுடையது, கை என்னுடையது. முதுகலை படித்த பலன்.

மார்ச் 7

அவன் செட்டிங்கைப் பார்த்தேன். எல்லாத் துப்பாக்கியும் ஒரே பொத்தானில். தொட்டால் மொத்தமும் கொட்டிச் சீக்கிரமே காலி. பேசுவதும் அப்படித்தான்.

துப்பாக்கிகள் இரண்டு இறக்கையிலும் இருக்கின்றன. இரு பக்கத்துக் குண்டுகளும் எவ்வளவு தள்ளிப்போய்ச் சந்திக்க வேண்டும் என்று நாமே வைக்கலாம். ஐந்நூறு மீட்டர் வைத்திருந்தான். தூரத்திலிருந்து சுட்டுவிட்டுத் திரும்பி ஓட வசதி. மாவீரன்.

பொத்தான்களைப் பிரித்தேன். தூரத்தை நூற்றைம்பதாக்கினேன்.

மார்ச் 8

அவ்வளவு கிட்டத்தில் எதிரி விமானத்தின் ஆணிகள்கூடத் தெரிகின்றன. ஒரே அழுத்து. இறக்கை தனியே போயிற்று.

எனக்கு — பிடித்திருந்ததா?

மார்ச் 15

அணித்தலைவரை எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். பகலில் பல் மருத்துவராம். இன்று அண்ணனைப் பாராட்டினார்: "அடிபட்டப்புறம்தான்யா உனக்குக் கையே வந்திருக்கு."

"எல்லாம் பயிற்சிதான் கேப்டன்." என் தோளுக்குப் பின்னாலிருந்து. அந்த அடக்கத்தை எங்கே வாங்கினான்?

அம்மா கதவருகே நின்று பார்த்தாள். "கைவலி அவனுக்கு, விளையாட்டு உனக்கா?"

மார்ச் 22

கட்டுப் பிரித்தாயிற்று. முதல் அணிக்கான தேர்வு நாளை மறுநாள். நான் பிடித்த இடத்தில் அவன் உட்காரப் போகிறான். என்னை ஓட்டவிடு என்று கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

தூரத்தைப் பழையபடி மாற்றித் தரட்டுமா, இதில் ரொம்பக் கிட்டே போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கே பாடமா? ஜெயிச்ச செட்டிங் அது. தொடாதே."

தொடவில்லை.

மார்ச் 24

ஐந்நூறு மீட்டரிலிருந்தே சுட்டான். வழியில் சந்தித்துப் பிரிந்த குண்டுகள் எதிரியின் இரு பக்கமும் மரியாதையாக விலகிப் போயின, பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல. மறுபடியும் அதே தூரம். மறுபடியும் அதே மரியாதை.

தாங்க முடியல. "கிட்டப் போடா" என்று சொல்லிவிட்டேன்.

"இடிச்சிடும்டி."

மைக் திறந்திருந்தது. பக்கத்தில் யார் என்று கேப்டன் கேட்டார்.

"தங்கச்சி. சும்மா வேடிக்கை பாக்கறா."

வேடிக்கை. மூணு வாரமா வேடிக்கைதான் பாத்தேன்.

அவனுக்கு நாளை இன்னொரு வாய்ப்பாம். கை இன்னும் சரியாகவில்லை என்று கெஞ்சி வாங்கினான்.

மார்ச் 25

தேநீரோடு வந்தான். எனக்கு அவன் தேநீர் போட்டதே இல்லை.

"நீயே உக்காரு. நான் பேசிக்கிறேன்."

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

பிறகு அவன் மேசையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்து என் மடிக்கணினியில் செருகி, என் பெயரில் கணக்குத் தொடங்கினேன். தூரம், நூற்றைம்பது. மைக்கை வாய்க்கு நேரே வளைத்து, வேடிக்கை பார்த்தவள் தேர்வுக்கு வந்திருக்கிறேன் என்று கேப்டனிடம் சொன்னேன்.