மாடியில் நடுவதா, பையில் போடுவதா

ஜனவரி 5

அன்புள்ள பட்டாணிக்கு, பாட்டி எழுதுவது.

முழங்கால் தவிர எல்லாம் சுகம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னதை நாளைக்கே சொல்லவில்லை என்று சாதிப்பார்கள். உன் மாமா இரண்டு தடவை அப்படிச் செய்தான், இரண்டும் வியாழக்கிழமை. எழுத்தில் இருந்தால் தப்ப முடியாது.

உங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தில் உனக்கு ஒரு செட் தருகிறார்கள், வானத்தில் போகிற செயற்கைக்கோள் வழியாக எங்கெங்கோ இருக்கிறவர்களோடு பேசலாம் என்று எழுதியிருந்தாய். மாடியில் கம்பம் நட்டு வைக்கிற செட் ஒன்று, பையில் போட்டுத் தூக்கிப் போகிற செட் ஒன்று. இரண்டில் ஒன்றுதான், பிப்ரவரி முடிவதற்குள் சொல்ல வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம் வீட்டு மாடி சும்மாதானே கிடக்கிறது. வெல்டிங் கடைக்காரனிடம் கம்பத்துக்குக் கால் போடச் சொல்லிவிட்டேன். ஆன்டெனாவைத் திருப்புகிற மோட்டார் மக்கர் செய்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். பதினெட்டு வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டினவள் நான்.

ஏப்ரலில் நீ மலைப்பக்கம் ஆற்றுத் தண்ணீர் அளக்கிற வேலைக்குப் போகிறாய். ஆறு வயதிலிருந்து வளர்த்தவள் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கம்பம் இங்கே நின்றால் மாதம் ஒரு தடவையாவது வருவாய். பை என்றால் பையோடு போய்விடுவாய்.

அடுத்த வாரம் லீவில் வரும்போது இரண்டையும் கொண்டுவா. சோதித்துப் பார்த்துவிடலாம்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பாட்டி

ஜனவரி 23

பிரியமான பாட்டிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பை செட்டையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.

நீங்களே பார்த்தீர்கள். மாடி செட்டில் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. செயற்கைக்கோள் தலைக்கு மேல் பத்து நிமிஷம்தான் இருக்கும், அது போகிற போக்கில் மோட்டார் ஆன்டெனாவைத் திருப்பும். வடக்கு எது என்று மட்டும் நாம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். காம்பஸ் மாடிச் சுவரை விட்டு வேறு பக்கம் காட்டியது. தண்ணீர்த் தொட்டி இரும்பு அதை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். நீங்களும், "இந்தச் சுவர் நேர் வடக்குடி, உன் தாத்தா நூல் பிடிச்சுக் கட்டினது" என்றீர்கள். அப்படியே வைத்தேன். மூன்று தடவை செயற்கைக்கோள் வந்தது. மூன்று தடவையும் ஒரு சிணுங்கல், அவ்வளவுதான்.

பை செட்டில் மோட்டாரும் இல்லை, வடக்கும் இல்லை. ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் மணிக்கட்டைத் திருப்பினேன். பத்து நிமிஷத்தில் நான்கு பேரோடு பேசினேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

என்மேல் வருத்தமா பாட்டி?

உங்கள் பட்டாணி

பிப்ரவரி 2

பட்டாணிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவர் வடக்கு இல்லை. நீ கேட்டபோதே எனக்குத் தெரியும்.

இந்த வீட்டை உன் தாத்தா தன் கையால் கட்டினார். கொத்தனார் வேலை பார்த்தவருக்குச் சொந்த வீடு கட்ட ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் குடிவந்த அன்று உன் பெரிய பாட்டி, அதான் தாத்தாவின் அண்ணன் சம்சாரம், பச்சைப் புடவை, வாசலில் நின்றுகொண்டு இருபத்து மூன்று பேர் காதில் விழச் சொன்னாள்: "என்னடி, வீடு யார்கிட்டயோ கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்குது?"

உன் தாத்தா முகம் சுண்டிப்போனது. "கண்ணைக் கழுவிட்டு வந்து பாருங்க, நேர் வடக்கு" என்றேன். அன்றோடு அவளோடு பேச்சு இல்லை. அடுத்த தெருதான், சுற்றிக்கொண்டு போவேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வடக்கு, வடக்கு என்று சொல்லி வாய் பழகிவிட்டது. உன்னிடமும் அதுதான் வந்தது.

நீ போன பிறகு மாடி நடுவில் ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் உச்சி வெயிலில் உட்கார்ந்து, நிழல் ரொம்பக் குட்டையாக விழுகிற நேரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். மூன்று கோடும் ஒன்றுதான், அதுதான் நிஜ வடக்கு. சுவர் அதிலிருந்து ஆறடிக்கு மூன்றடி விலகி நிற்கிறது. அவள் சொன்னது சரி. இதை எழுதுகிற கை கூசுகிறது.

கம்பத்தை அந்தக் கோட்டுக்குத் திருப்பினால் உன் மோட்டார் பிடிக்கும். சங்கத்துக்கு அவசரப்பட்டு எழுதிவிடாதே.

தப்பை ஒத்துக்கொண்டு, கேட்டதைக் கைவிடாத,
பாட்டி

பிப்ரவரி 10

பாட்டிக்கு,

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். சுவர் அவ்வளவு விலகியிருந்தால் கேட்காதது நியாயம்தானாம். கோட்டுக்குத் திருப்பிவிட்டால் பை செட் எட்டாத மெல்லிய குரலைக்கூட மாடி செட் பிடிக்குமாம். ஆக இப்போதுதான் எனக்கு நிஜமாகவே குழப்பம்.

நான் போகிற மலையில் போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாக அங்கிருந்து இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை என்கிறார் செயலாளர். நான் கூப்பிட்டால் முதல் ஆள். ஆனால் நாற்பத்தோரு வருஷம் விட்டுக்கொடுக்காததை எனக்காக எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. நீங்களே சொல்லுங்கள். மாடி என்றால் மாதம் ஒரு தடவை வருவேன், சத்தியம்.

பட்டாணி

பிப்ரவரி 15

பட்டாணிக்கு,

சத்தியமெல்லாம் செய்யாதே. சத்தியத்துக்காக வருகிறவளுக்கு நான் என்ன சமைத்துப் போடுவது?

முதல் ஆள் என்று எழுதியிருந்தாய். நம் குடும்பத்தில் எதிலாவது முதல் ஆள் உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் மாமா சாப்பிட உட்காருவதில் முதல் ஆள். வேறு அகப்படவில்லை. பையை வாங்கிக்கொள். சங்கத்துக்கு இன்றைக்கே எழுது.

நேற்று பெரிய பாட்டி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளிடம், "வீடு கோணல்தான்" என்றேன்.

"எந்த வீடு?" என்றாள்.

"எங்க வீடுதான். நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே."

"நான் என்ன சொன்னேன்?"

மறந்துவிட்டாளாம். நான் நாற்பத்தோரு வருஷம் சுமந்ததை அவள் அன்று சாயங்காலமே இறக்கி வைத்துவிட்டாள். அதற்கும் சேர்த்து இப்போது அவள்மேல் கோபமாக இருக்கிறேன். டீ கொடுத்தாள். குடித்தேன்.

மழைக்கோட்டை மறக்காதே.

பாட்டி

மே 4

என் பட்டாணிக்கு,

நேற்றுக் காலை செயலாளர் தன் ரேடியோவோடு வந்தார். நீ சொல்லி அனுப்பினாயாம். பெரிய பாட்டியும் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். அவர் ஆன்டெனாவைப் பிடித்தார். ஒன்பது இருபத்தாறுக்கு இரைச்சல் விலகி உன் குரல் வந்தது. உன் அடையாள எழுத்துகளைச் சொன்னாய், மலையின் பெயரைச் சொன்னாய். உடனே ஒரே தள்ளுமுள்ளு. எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் உன்னோடு பேச முண்டுகிறார்கள். ஒவ்வொருத்தராக வரிசையில் நிறுத்திப் பதில் சொன்னாய். பதினொரு பேர், எண்ணினேன்.

"யாருடி இது, இவ்வளவு அதிகாரமாப் பேசுது?" என்றாள் பெரிய பாட்டி.

"நான் வளர்த்தது" என்றேன்.

"அந்த மைக்கை இப்படிக் குடுங்க" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"லைசென்ஸ் இல்லாம பேசக் கூடாதும்மா."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"பரீட்சை எழுதணும்."

"எழுதறேன். ஃபாரம் குடுங்க."

சிரித்தார். எத்தனை மணிக்குச் சிரித்தார் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஃபாரம் கொண்டுவந்து கொடுத்தார். படிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்றாம் வகுப்பு என்று எழுதினேன். எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. இருக்கட்டும், நன்றாகத் தெரியட்டும். ஆகஸ்டில் பரீட்சை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது பன்னிரண்டாவது ஆளாக நான் வருவேன். என்னையும் வரிசையில் நிறுத்து, பாட்டி என்று சலுகை காட்டாதே.

பரீட்சைக்குப் படிக்கும்,
பாட்டி