ரைட் அவுட்டுக்கு ஒரு நிரந்தர வேலை

இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து மில்லுக்கு வரும்போது டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்திருந்தான். மடியில் செய்தித்தாளில் சுற்றிய கால்பந்து பூட்ஸ். அதில் பூசியிருந்த விளக்கெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. காவிரிப் பாலம் வரைக்கும் சும்மா இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. "விளக்கெண்ணெயா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். "ஆமா சார். தோல் வெடிக்காதுன்னு சொன்னாங்க. நாத்தம் அடிக்குதுங்களா?" என்று பதறிப்போய்க் காலடியில் தள்ளி வைத்தான். இல்லவே இல்லை என்று சொன்னேன். பச்சைப் பொய். நான் வேலை பார்க்கிற டைம் ஆபீஸ் படியில் நீ உட்கார்ந்து இதே எண்ணெயைப் பூசும்போது என் மோர்சாதம் வரைக்கும் அந்த வாடை வரும். எத்தனை நாள் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து பத்து நாள் ஆகிறது. நான் அதே மேஜையில்தான் இருக்கிறேன். மெட்ராஸ் ஸ்டேட் என்று அச்சடித்த பழைய தாள்கள் கட்டுக்கட்டாக மீந்துவிட்டன. வீணாக்கக் கூடாதாம். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் தமிழ்நாடு என்று டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட வேலைக்கு என்னைவிட்டால் ஆள் ஏது? உடம்பில் நோவு ஒன்றும் இல்லை. அலுப்புத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒரு தடவை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

நம் மில் கால்பந்து டீமில் ஆட்டக்காரன் என்று யாருக்கும் உத்தியோகம் கிடையாது. நீங்கள் எல்லோரும் பதிலிகள். நிரந்தரத் தொழிலாளி ஒருவன் வராத நாளில் அவன் மெஷினில் நிற்க வேண்டிய ஆள் பதிலி. நீங்கள் காலை ஏழு மணிக்கு வந்து அன்றைய கூலிக்கு டோக்கன் வாங்குவீர்கள். ஆனால் மெஷினுக்குப் போக மாட்டீர்கள், கிரவுண்டுக்குப் போவீர்கள். அப்படிப் பதினான்கு பேருக்கு மானேஜர் அனுமதி கொடுத்திருந்தார். பதினைந்தாவது பெயர் கூடாது. ஒருவன் ஏற வேண்டுமானால் ஒருவன் இறங்க வேண்டும். மாதம் பிறந்தால் அந்தப் பட்டியலை நான் டைப் அடிப்பேன், மானேஜர் கையெழுத்துப் போடுவார். பந்து உருண்டு காலடிக்கு வந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டிக் குதிக்கிறவன் நான். அந்த டீம் என் டைப்ரைட்டரில்தான் பிறந்தது.

கேப்டன் ஒரு துண்டுச் சீட்டில் பெயர்களை எழுதி அனுப்புவார். மானேஜர் அதைச் சாப்பாட்டு மெனு மாதிரி பார்ப்பார். கோல்கீப்பர் கேண்டீன் சோறு சரியில்லை என்ற மனுவில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதப் பட்டியலில் அவரைக் காணோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மானேஜரின் காரை ஓட்டுகிறவன் ஒருவன் பேக் ஆடினான். அவன் உதைத்த பந்து பாதி நேரம் உய்யக்கொண்டான் வாய்க்காலில் போய் விழும். ஆனாலும் அவன் பெயர் ஒரு மாதம்கூட விட்டுப்போனதில்லை. நீ அப்போது சொன்னாய்: "டீமை கிரவுண்டுல தேடாதடா. உன் ஆபீஸ் டிராயர்ல தேடு." நான் சிரித்தேன். சிரிக்கிற இடத்தில் நான் இருந்தேன்.

நீ ரைட் அவுட். மைதானத்தின் வலது ஓரக் கோட்டை ஒட்டி நீ ஓடுவதைப் பார்க்கப் பாலக்கரையிலிருந்து பாதித் தெரு வரும். கோட்டுக்கும் எதிராளிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தால் போதும் உனக்கு. ஆட்டம் புரியாத எனக்கே நீ பந்தோடு திரும்பும்போது உட்கார்ந்திருக்க முடியாது. பந்து இல்லாத நேரத்தில் நீ ஒரு சாதாரண ஆள். அதைவிடவும் மோசம். கொடுத்த வேலையை மறப்பாய், குடையை பஸ்ஸில் விடுவாய், வீட்டுக்கு வாங்கிய கத்தரிக்காயை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவாய்.

நயா பைசா வந்த புதிதில் என்று நினைக்கிறேன். மெட்ராஸிலிருந்து மானேஜரைப் பார்க்க வந்த விருந்தாளி ஒருவர் பத்து நிமிஷம் ஆட்டம் பார்த்துவிட்டு, "ரைட் அவுட் ரொம்பக் குள்ளம்" என்று சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம் பெங்களூரில் உயரமான ரைட் அவுட் ஒருவனைப் பற்றி மானேஜர் கடிதம் எழுதினார். பதிலும் வந்தது. இரண்டையும் பைலில் வைத்தவன் நான். உன்னிடம் மூச்சு விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் பெண்டாட்டி லூர்துமேரி என்னைப் பார்க்க வந்தாள். நீ பிராக்டிஸில் இருந்தாய். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "அண்ணே, நாளைக்கே கால்ல ஒரு அடி பட்டுச்சுன்னா இவங்க டோக்கன் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "அவருகிட்டச் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு. நீங்க நெனச்சா முடியும்ணே. எங்கயாச்சும் ஒரு பர்மனென்ட் வேலையில போட்டுவிடுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

அந்த வாரம் ஸ்பின்னிங்கில் ஓர் இடம் காலி. உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாதாமாதம் நீங்கள் பதினான்கு பேரும் பதிலிப் படிவங்களில் கையெழுத்துப் போடுவது எப்படி என்று உனக்கு நினைவிருக்கும். கையெழுத்து வேண்டிய இடத்தில் நான் பென்சிலால் ஒரு இன்டு குறி போட்டுவைப்பேன். நீங்கள் ஒருவரும் படித்ததில்லை. குறியைப் பார்ப்பீர்கள், கிறுக்குவீர்கள், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். அந்த மாதம் உன் படிவக் கட்டுக்குள் நிரந்தர வேலைக்கான விண்ணப்பத்தையும் நடுவில் வைத்துக் குறி போட்டேன். நீ கையெழுத்துப் போட்டாய். போட்டுவிட்டு, "சாயங்காலம் வாடா, செயின்ட் மாதிரி உட்கார்ந்திருக்காதே" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாய்.

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். நிரந்தரமானாலும் டிபார்ட்மென்டில் ரிலீஸ் வாங்கி ஆடலாம், விதியில் இடம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ நிரந்தரமானதும் பதினான்கில் ஓர் இடம் காலியானது. அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகுதான் மானேஜருக்கு பெங்களூர்க் கடிதம் ஞாபகம் வந்தது. இரண்டு மாதமாகப் பைலில் தூங்கிய கடிதம். அது அப்படியே தூங்கிப்போயிருக்கலாம். எழுப்பிவிட்டவன் நான்.

ஆர்டர் வந்த திங்கட்கிழமை நீ மானேஜரிடம் போய்ச் சண்டை போட்டாய். அவர் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். உன் கையெழுத்து. நீ நேரே என் மேஜைக்கு வந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இது நீ வெச்சதாடா?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதுக்காகத்தான் கேக்கலை. சரிதானே?"

சரிதான். லூர்துமேரியின் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி. விழுங்கிவிட்டேன்.

கேடயப் போட்டி வந்த வாரம் உனக்கு இரண்டாவது ஷிப்ட். மாலை மூன்றரைக்கு உள்ளே போனால் ஆட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வர முடியும். நான் ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போய்க் கெஞ்சினேன். "ஏங்க, அந்த எடத்துக்குத்தான் உங்க மானேஜர் பெங்களூர்லேர்ந்து ஆளைக் கூட்டியாந்துட்டாரே. அப்புறம் இவருக்கு எதுக்கு ரிலீஸ்? ப்ரேமை யாரு பாக்கிறது, நீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குப் பந்தும் தெரியாது, நூல் நூற்கிற ப்ரேமும் தெரியாது.

நாம் ஜெயித்தோம். தோற்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆறு மணிக்கு ஆட்டம் முடிந்ததும் ஸ்பின்னிங்குக்குள் வந்தேன். கிரவுண்டு பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கிற மெஷின் இரைச்சலில் ஊரே கத்தினாலும் காதில் விழாது. தலையெல்லாம் பஞ்சோடு நீ நின்றாய். என் காதருகே வந்து, "எத்தனை?" என்றாய்.

"ரெண்டுக்கு ஒண்ணு."

"ரைட்லேர்ந்து வந்துச்சா?"

"ரெண்டாவது கோல்."

தலையை ஆட்டினாய். ஓர் இழை அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. திரும்பிப்போய் அதை ஒட்டினாய். அன்றைக்கு நான் மாலை போட்டு போட்டோ எடுக்கிற இடத்துக்குப் போகவில்லை, பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மானேஜர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்குத் தெரிந்த ஒரே பந்து கிளப்பில் உருட்டுகிற பில்லியர்ட்ஸ் பந்து. ஒரே ஒரு தாள். பதினான்கு பேரும் பட்டியலிலிருந்து நீக்கம். அதையும் நான்தான் டைப் அடித்தேன். பெங்களூர்க்காரன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு நடந்துபோனான். நல்ல பையன், பாவம். கேப்டன் பெரிய கடைவீதியில் துணிக்கடை ஒன்றில் சேர்ந்தார். மில்லில் மிஞ்சியது நீ ஒருவன். எல்லோரும் என்னைப் புகழ ஆரம்பித்துவிட்டார்கள். "பாத்தியா, அன்னிக்கே தெரிஞ்சு செஞ்சிருக்காரு மனுஷன்" என்றார்கள். எனக்கும் தெரிந்து செய்த மாதிரிதான் இருந்தது. டீக்கடையில் உன்னிடம் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"அந்த ரெண்டு வருஷம் ஆடியிருப்பேன்ல" என்றாய்.

அப்புறம் எத்தனை வருஷம் பேசினோம், ஆனால் அந்தப் பேச்சு மாறவே இல்லை. நீ என் டீயை வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் நீட்டிய எந்தத் தாளையும் எழுத்துக்கூட்டி முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் இல்லை. போனஸ் படிவத்தைக்கூட. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்று முணுமுணுப்பார்கள். உன் இளைய மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த விருந்தில், உன் சொந்தக்காரர்கள் நடுவில், "இவருதான் என்னைப் பர்மனென்ட் பண்ணிவிட்டவரு" என்று அறிமுகம் செய்தாய். அவர்கள் கைகூப்பினார்கள். நீ எந்தத் தொனியில் சொன்னாய் என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு உன் வீட்டு பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சம்பள நாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எந்த நல்ல நாளும் ஒரு குத்து இல்லாமல் போகவில்லை. எனக்கு அலுத்துவிட்டதடா. ஒரு தடவை, தெப்பக்குளத்துப் பக்கம் நடந்து வரும்போது, "உன் பொண்டாட்டி கேட்டுத்தான் செஞ்சேன், போதுமா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. லூர்துமேரிக்குக் கொடுத்த வார்த்தை. பக்கத்துக் கடையில் சீப்பு விலை கேட்டுச் சமாளித்தேன். அப்போதே எனக்குப் பாதி வழுக்கை. நீ அதற்கும் சிரித்தாய்.

மஞ்சள் காமாலை பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "லீவுக்கு எழுதிக் குடுத்துட்டியா? படிச்சுக் காட்டு" என்றாய். படித்துக் காட்டினேன்.

பூசை முடிந்த அன்று கோவில் வாசலில் லூர்துமேரி என்னைத் தனியாக அழைத்தாள். மில்லில் கொடுக்க வேண்டியதைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அதைக் கேட்கவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான்தான் வந்து வேலை கேட்டேன்னு அவருக்குத் தெரியும்ணே. ஆர்டர் வந்த அன்னிக்கே அழுதுக்கிட்டே சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா என்னையே..." என்று ஆரம்பித்தேன்.

"நானும் கேட்டேன்ணே. பாவம் அந்த அண்ணனை ஏன் இப்படிக் குத்துறீங்கன்னு. 'உன்மேல கோவப்பட்டா நாம எப்படிக் குடும்பம் நடத்துறது? இதை எங்கயாச்சும் எறக்கி வெக்கணும்ல. அவன்மேல வெச்சிருக்கேன். அவன் தாங்குவான்'னு சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."

அடப்பாவி. உன் வீட்டில் சண்டை வரக் கூடாதென்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீயும் அதற்காகத்தான் என்னைப் பிடித்துத் தின்றிருக்கிறாய். என்னிடம் ஒரு கண் ஜாடை காட்டியிருந்தால் போதுமே. இவ்வளவு வருஷமும் உன்னைக் கண்டால் கூசிக்கொண்டு நின்றிருக்க மாட்டேனே. வாசலில் நின்றுகொண்டு உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லூர்துமேரி என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அவளிடம், "பரவாயில்லம்மா, வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாளாக யோசிக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் ஆட்டத்தை நான் முடித்தது தப்புத்தான். அதை நீ மன்னிக்கவும் இல்லை, மன்னித்திருக்க வேண்டும் என்று நான் இப்போது கேட்கவும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை வைக்க ஊரில் உனக்கு ஒரே ஓர் இடம்தான் தோன்றியிருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாய். இருக்கட்டும், வைத்த இடத்தில்தான் இருக்கிறது. தாங்குகிறேன்டா.