ஒரு பல்லும் ரெண்டு சீவாளியும்

கல்கத்தா, 1944 ஆனி

ஏட்டி ஆவுடைத்தாய், சொகமா இருக்கியா? ஒங்க அம்மைக்கு முட்டுவலி கொறஞ்சிட்டா? குத்தாலத்துல சாரல் தொடங்கிருக்குமே. இங்கனயும் மழதான், ஆனா குளுமையே கெடையாது. நான் சொல்லச் சொல்ல நம்ம தென்காசி அருமைநாயகம் எழுதுதான்.

ஒண்ணு சொல்லுதேன், பயப்படாத. கப்பல்ல பெட்டி எறக்கையில மூஞ்சியில இடிச்சு முன்பல்லு ஒண்ணு போயிட்டு. வலி இல்ல. ஆனா நாயனத்த எடுத்து ஊதுனா வெறுங்காத்துதான் வந்துச்சு. அன்னைக்குச் சோறு எறங்கல.

இங்கன அமெரிக்காப் பட்டாளத்துல நம்மள மாதிரி கருத்த ஆளு ஒருத்தன், வளைச்சுச் சுருட்டுன பித்தளக் குழல் ஊதுதான். தாளத்த விட்டு எங்கயோ ஓடுவான், கடைசில சரியா வந்து விழுவான். நம்ம கோயில் கொடைத் திருவிழால நான் நாயனத்துல பண்ணுத சேட்டையேதான். அவனுக்கும் முன்பல்லு இல்லட்டி! வாய் ஓரத்துல வச்சு ஊதுதான்.

மேளக்கார இசக்கிப்பாண்டி அண்ணாச்சிகிட்ட, கொடைக்கு என் எடத்துல வேற ஆளச் சேக்காண்டாம்னு சொல்லு. பல்லு சேதியச் சொல்லிராத. நாயனத்து மொனையில செருகி ஊத ரெண்டு சீவாளி பஞ்சுல பொதிஞ்சு அனுப்பு. அனுப்புததுக்கு முன்ன நீ ஒரு தடவ ஊதிப் பாத்துரு.

அந்தா, அவன் குழலத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுதான். எங்கிட்ட கீறல் விழுந்த சீவாளிதான் இருக்கு, இருந்தாலும் நானும் வாய் ஓரத்துல வச்சு...

(சொல்லிக்கிட்டு இருந்தவன் பாதியில நாயனத்த எடுத்துக்கிட்டு ஓடிட்டான். – அருமைநாயகம்)