உறைந்த மண்ணில் தூசி எழாது

மார்ச் 3, 2078. காலை 8:10
தூசிக் கண்காணிப்பு நிலையம், வடக்கு கிரீன்லாந்து. பதிவு: மாரிச்செல்வி, கணினி மாதிரிப் பிரிவு.
வெப்பநிலை மைனஸ் 29. காற்று மிதம்.
குளிர்காலத்தில் இங்கே இருவர்தான். காற்றில் பறக்கும் கனிமத் தூசியைக் கணிக்கும் மாதிரியை நான் ஓட்டுகிறேன். கருவிகளும் பனி வண்டியும் குகதாசன் அண்ணன் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து நார்வேக்குப் போன குடும்பம் அவருடையது.
வெளியே தொலைவில் நட்டிருக்கும் மூன்றாம் கருவிக் கம்பத்தின் துகள் அளவி சில நாட்களாகத் தூசி காட்டுகிறது. உறைந்த மண்ணில் தூசி எழாது என்பது மாதிரியில் எழுதப்பட்ட விதி. ஆகவே அந்த அளவீட்டைக் கருவிக் கோளாறு என்று மாதிரி ஒதுக்கிவிட்டது. கோளாறைச் சரிசெய்ய அண்ணன் கிளம்பிவிட்டார்.
யார் வெளியே போனாலும் அன்றைய கணிப்பை ரேடியோவில் வாசிக்க வேண்டும். வாசித்தேன். தூசி பூஜ்யம்.
அவர்: “பூச்சியம், விளங்கீட்டுது. தங்கச்சி, கொஞ்சம் சத்தமா வாசியும். கணிப்புச் சொல்லுறீரோ, கோயில்ல மந்திரம் சொல்லுறீரோ தெரியேல்லை.”

காலை 11:40
கம்பத்திலிருந்து அழைத்தார்.
“அளவியில ஒரு பிழையும் இல்லை. துடைச்சுப்போட்டுத் திரும்பிப் பாத்தா, திரும்பவும் மாப் பூசின மாதிரி. இதுவோ உம்மட பூச்சியம்?”
“உடனே கிளம்புங்கண்ணே.”
இந்த ஆண்டு பனி பெய்யவே இல்லை. மண்துகள்களை ஒட்டிப் பிடித்திருந்த பனிக்கட்டியை வறண்ட காற்று நேராக ஆவியாக்கிவிட்டது. பனியாறு அரைத்துவிட்டுப் போன மண் இது, மாவைவிட நைஸ். உறைந்தே இருக்கிறது, ஆனால் பிடிப்பு இல்லை. இப்படி ஒரு நிலை உண்டென்று மாதிரிக்கு யாரும் சொல்லவில்லை. விதியை எழுதியவள் நான் இல்லை. வாசித்தவள் நான்.

பிற்பகல் 1:05
காற்று எழுந்துவிட்டது. திரும்பும் வழியில், நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி அண்ணனின் வண்டி நின்றுவிட்டது. காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது. மாற்று வடிகட்டியும் அப்படியே. இன்ஜின் இல்லையென்றால் ஹீட்டரும் இல்லை.
கடற்கரைத் தளத்தைக் கேட்டேன். தூசி அடங்காமல் ஹெலிகாப்டர் எழும்பாது என்கிறார்கள்.
இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போனேன். கையை நீட்டினால் கையுறை தெரியவில்லை. கயிறு தீர்ந்தது. திரும்பினேன்.

பிற்பகல் 3:30
விதியை நீக்கினேன். ஒதுக்கிய அளவீடுகளைச் சேர்த்தேன். நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து நுண்கட்டத்தில் ஓட்டினால் விடிந்துவிடும் என்பதால் பெருங்கட்டத்தில் ஓட்டினேன். முதன்முறையாக மாதிரியும் கருவியும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. காற்று நாளை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் குறையும்.
“தங்கச்சி, நான் நடக்கட்டோ? இஞ்ச இருந்தா விறைச்சுப் போவன்.”
“வேணாம்ணே. தூக்கப் பைக்குள்ளயே இருங்க. ஆறு மணிக்கு அடங்கிரும்.”
“உம்மட மெசினோ சொல்லுது?”
“ஆமாண்ணே.”
“அப்ப ஆறு மணி. விளங்கீட்டுது.”
இதைப் படிப்பவருக்கு: மாதிரி அப்படிச் சொல்லவில்லை. இந்தத் தூசியில் நடந்தால் பாதை தவறிச் சாவார். பைக்குள் இருந்தால் பிழைக்க வழி உண்டு என்று நினைத்தேன்.

மாலை 6:15
அடங்கவில்லை. ஏழு மணி என்றேன். ஏழுக்குப் பிறகு என்ன சொல்வதென்று இப்போதே யோசிக்கிறேன். கல்லூரியில் ஆய்வறிக்கை வாசித்தபோதுகூட என் குரல் கடைசி பெஞ்சுக்குப் போனதில்லை. இன்று தடுமாறாமல் வருகிறது.

மாலை 7:20
“பிள்ளை, நீர் சொல்லுற நேரமெல்லாம் பொய். எனக்கு முதலே விளங்கீட்டுது. பொய் சொல்லேக்கை மட்டும்தான் நீர் சத்தமாக் கதைக்கிறீர்.”
அழுதுவிட்டேன். நாளை இரண்டு மணி என்று உண்மையைச் சொன்னேன்.
“அப்பவே சொல்லியிருந்தா நடந்திருப்பன். இப்ப கால் இருக்கிற இடம் தெரியேல்லை. பறவாயில்லை. ஏதாவது கதையும். என்னை நித்திரை கொள்ள விடாதையும்.”
எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன். தம்பி பரோட்டாக் கடையில் மாவு உதறுவதைச் சொன்னேன். சிரித்தார் என்று நினைக்கிறேன். நுண்கட்ட ஓட்டத்தையும் தொடங்கிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் 4. காலை 6:00
பதில் இல்லை. பேசிக்கொண்டே இருக்கிறேன்.

பிற்பகல் 3:10
இரண்டு மணிக்குக் காற்று நின்றது. ஹெலிகாப்டர் வந்தது. பைக்குள்ளேயே விறைத்துப் போயிருந்தார். வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

மாலை 5:40
நுண்கட்ட முடிவைத் திறந்தேன். பெருங்கட்டத்துக்கு ஒரு கட்டம் பத்துக் கிலோமீட்டர், அதில் மண்மேடுகள் தெரியாது. நுண்கட்டத்தில் தெரிகின்றன. வண்டி நின்ற இடத்திலிருந்து நிலையம் வரை ஒரு மேடு நீண்டு வருகிறது. நேற்று பிற்பகல் நான்கு மணி முதல் ஐந்தரை வரை அதன் மறைவில் காற்று இல்லை. தூசியும் இல்லை. மூன்று கிலோமீட்டர், அந்த நேரத்துக்குள் நடந்தே வந்திருக்கலாம்.
தப்பாக இருக்கும் என்று மறுபடி திறந்தேன். அதே படம். மேட்டோரம் தூசியில்லாத இடம் வெள்ளையாக ஒரு கோடு, கதவு வரைக்கும்.
அண்ணே, நீங்க நடக்கட்டுமான்னு கேட்டது மூன்றரை மணிக்கு.