எல்லா ஊசிக்கும் ஒரே குளிர்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதிக் கேட்கிறேன்.

உங்கள் கம்பெனியிலிருந்து எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்திருக்கும், புற்றுக்கட்டியை உறையவைத்து அழிக்கும் ஊசிகளைப் பற்றித்தான். நோயாளியின் உடம்பில் குத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் கிண்ணத்துத் தண்ணீரில் அமிழ்த்தி வாயுவைத் திறந்து பார்ப்பது என் வேலை. நுனியில் எலுமிச்சை அளவுக்குப் பனி கட்ட வேண்டும். இந்தப் பெட்டியில் இரண்டு ஊசிகள் நெல்லிக்காயோடு நின்றுவிட்டன. பனி கட்டியின் விளிம்பைத் தாண்டாவிட்டால் மிஞ்சியது மறுபடி வளரும். உனக்குத் தெரியாததா?

இன்னொன்று. கூடவே வந்த பரிசோதனைச் சீட்டுகளைப் பார்த்தேன். பன்னிரண்டு ஊசிக்கும் மைனஸ் நூற்று நாற்பத்திரண்டு புள்ளி ஆறு டிகிரி! ஒரே வயிற்றில் பிறந்த நாமே ஒரே மாதிரி இல்லையே. போதாததற்குக் கீழே உன் கையெழுத்து.

உன் அன்பு அக்கா

மார்ச் 9

என் சந்தேகப் பிராணி அக்காவுக்கு,

நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள், தப்பி நர்ஸாகிவிட்டாய். உங்கள் சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கும், முதலில் அதைப் பார். எல்லாம் ஒரே இயந்திரத்தில் செய்த சரக்கு, ஒரே அளவு காட்டாமல் என்ன செய்யும்? அத்தானை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தம்பி

பி.கு.: அந்தச் சீட்டுகளை வேறு யாரிடமாவது காட்டினாயா?

மார்ச் 14

தம்பிக்கு,

புது சிலிண்டர் மாட்டியும் அதே நெல்லிக்காய்தான். அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். மற்ற பத்தும் கிண்ணத்தில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. சூடான உடம்புக்குள் எப்படியோ, யார் கண்டது?

இதே வரிசையின் முதல் பெட்டியை வைத்து ஆறு மாதத்துக்கு முன் ஒரு பஸ் டிரைவருக்குச் சிகிச்சை செய்தோம். நேற்று வந்திருந்தார். உறையவைத்த இடத்தின் ஓரத்திலேயே கட்டி திரும்ப வளர்ந்திருக்கிறது. ஊசியாலா, நோயின் குணத்தாலா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

சீட்டை யாரிடமும் காட்டவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், நீ ஏன் அதைக் கேட்டாய்?

ஒரு கெட்ட செய்தி. அத்தானுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. வருகிற வியாழக்கிழமை இந்தப் பெட்டியிலிருந்துதான் மூன்று ஊசி எடுப்பார்கள். நீ சரி என்றால் எனக்கும் சரி.

அக்கா

மார்ச் 17, கூரியரில்

அக்கா,

வேண்டாம்! அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். பத்து தடவை போன் செய்தேன், நீயும் எடுக்கவில்லை, அத்தானும் எடுக்கவில்லை.

போன வருடம் எங்கள் பரிசோதனைத் தொட்டி ஒன்பது நாள் பழுதாகிக் கிடந்தது. மேலாளர் வந்து, "எல்லாம் ஒண்ணுதானப்பா, முதல்ல எடுத்த அளவையே எல்லாத்துலயும் போட்டு அனுப்பு" என்றார். நாற்பது சீட்டில் அதையே எழுதினேன். உண்மையில் சோதித்தது ஒரே ஒரு ஊசியைத்தான். தொட்டி சரியானதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், அதற்குள் சரக்கு போய்விட்டது. பிறகு சொல்லப் பயம்.

உன் காலில் விழுகிறேன். அத்தானுக்கு வேறு பெட்டி கேள்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

அத்தானுக்கு ஒரு நோயும் இல்லை. காலையில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பொய் சொன்னது நான். உன் போனை எடுக்காததும், அவரை எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். உன் கைப்பட எழுதி வாங்க வேண்டியிருந்தது.

சந்தேகம் வீணாகப் போகட்டும், நீ "சரி" என்றே எழுத வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஊசி பழுது என்று எழுதினேன், கேலி செய்தாய். அத்தான் என்றதும் கூரியர் பறந்து வருகிறது. டிரைவருக்காக உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவரோடு வந்த மனைவி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், அவரு பொழைச்சுக்குவாருல்ல?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான்.

உன் கடிதத்தைத் தலைமை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். இங்கே இரண்டு பெட்டியில் வந்த இருபத்து நான்கு போக மிச்சம் பதினாறு ஊசி எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்று விசாரிக்க வருவார்கள். ஒளிக்காமல் சொல்லிவிடு.

எழுதும்போதே அழுகை வருகிறது. ஆனாலும் இனி வீட்டுக்கு வராதே. எனக்குப் பதில் எழுதாதே. அந்தப் பதினாறு ஊசி யார் யார் உடம்பில் ஏறியதோ, அவர்களுக்கு எழுது.

அக்கா